கடுகுக் கீரையும் மாமியாரின் மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 42. பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். பாரிமுனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். என்னுடன் வேலை பார்க்கும் சௌகார்பேட்டைத் தோழி தை மாதத்தில் ஒருநாள் கடுகுக் கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும் கொண்டுவந்து தந்தார். சுவை பிடித்துவிட்டது. இதைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்றும் அவர் சொல்கிறார். எனக்கு ஹீமோகுளோபின் 9.6தான் இருக்கிறது, மாதவிலக்கு நாட்களில் போக்கும் அதிகம். நம் அரைக்கீரை, முளைக்கீரையை விட இந்தக் கீரை உசத்தியா? எப்படிப் பார்த்து வாங்குவது? மணலியில் தம்பி வீட்டுக்குப் பின்னால் காலி மனை கிடக்கிறது, அங்கே விதைக்கலாமா? என் மாமியாருக்கு 68 வயது. இதய வால்வு மாற்றியிருப்பதால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். மாதம் ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள். கடுகு சூடு என்று சொல்லி அவர் இந்தக் கீரையைத் தொட மறுக்கிறார். 11 வயது மகளோ கசக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வாங்கி வாரம் முழுவதும் வைத்துக்கொள்ளலாமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் அவசரமானது மாமியாரைப் பற்றியது என்பதால், நீங்கள் கடைசிப் பக்கம் தள்ளியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆயினும் வால்வு மாற்றியவர் என்பதையும், மாதந்தோறும் ரத்தம் எடுத்துப் பார்த்து அளவை மாற்றுகிறார்கள் என்பதையும் வைத்துப் பார்த்தால், அது வார்ஃபரின் அல்லது அசினோகுமரால் வகையைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். நம் உடலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்து, ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துவதே அந்த மாத்திரைகளின் தொழில். கடுகுக் கீரையோ வைட்டமின் கே மிக அதிகமாக உள்ள உணவுகளில் ஒன்று. சமைத்த கீரை ஒரு கிண்ணம் சாப்பிட்டால், ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு கிடைத்துவிடும். ஆகவே இதுவரை கீரையே அதிகம் சாப்பிடாத ஒருவர் திடீரென்று தினமும் ஒரு கிண்ணம் சாப்பிடத் தொடங்கினால், மாத்திரையின் வேகம் குறைந்து, வால்வின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. தினமும் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று நிறுத்தினாலும் சிக்கல்தான். அப்போது மாத்திரையின் வேகம் கூடி, ரத்தக் கசிவு ஏற்படக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் வந்த பெரியவர் ஒருவருக்கு மூன்று மாதமாக, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு நிலையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார், உண்மையும் அதுதான். விசாரித்துக்கொண்டே போனபோது, மகள் வீட்டில் தங்கும் இரண்டு வாரம் காலையில் கீரைச் சாறு, மகன் வீட்டில் தங்கும் இரண்டு வாரம் கீரையின் வாடையே கிடையாது என்பது தெரிந்தது. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அப்பாவை நன்றாகக் கவனித்தவர்கள்தான், ஆனால் இரண்டு விதமாகக் கவனித்தார்கள்.

எனவே உங்கள் மாமியாருக்கு நான் சொல்வது, கீரையே கூடாது என்பதல்ல. கீரையை முற்றிலும் ஒதுக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். அவர் இப்போது வாரம் இரண்டு நாள் ஏதோ ஒரு கீரை, ஒரு குழிக்கரண்டி என்று சாப்பிடுகிறார் என்றால், அதே பழக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கடுகுக் கீரையைச் சேர்ப்பதானால், அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, சிறிய அளவில், வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் கொடுங்கள். சேர்த்த ஓரிரு வாரத்துக்குள் ஒருமுறை கூடுதலாக ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். கீரை சாப்பிடுகிறோம் என்பதற்காக மாத்திரையின் அளவை வீட்டிலேயே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். சூடு என்று அவராகவே மறுக்கிறார் என்றால், அந்த மறுப்பை மதித்து விட்டுவிடுவதில் நஷ்டம் எதுவும் இல்லை; அவருக்கு வேண்டிய சத்து வேறு வழியில் கிடைக்கும். (அபிக்சபான், ரிவராக்சபான் போன்ற புதிய மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும், ஆஸ்பிரின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும் கீரையால் இந்தத் தொல்லை கிடையாது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கு அந்தப் புதிய மாத்திரைகளைக் கொடுப்பதில்லை.)

அந்தச் சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறும் காரம், உள்ளே உள்ள ஒரு கந்தகச் சேர்மம் நசுங்கும்போது பிறப்பது. இலையிலும் அது உண்டு, விதையில் இருப்பதைவிடக் குறைவாக. வேகவைக்கும்போது பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். பச்சையாகத் தின்றால் அல்சர் உள்ளவர்களுக்கு வயிறு எரியலாம். வெந்த கீரை உடம்பைச் சூடாக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

இனி உங்களுக்கு வருகிறேன். உங்கள் தோழி அன்பாகச் சொன்னதை மறுக்க மனம் வரவில்லை என்றாலும், ரத்தம் ஊறுவதற்காக நீங்கள் கடுகுக் கீரையை நம்பக்கூடாது. 100 கிராம் பச்சைக் கடுகுக் கீரையில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிகிராம் இரும்புச் சத்து இருக்கிறது. உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. அந்த ஒன்றரை மில்லிகிராமும் முழுமையாக உடலில் சேராது. கீரை, தானியங்களிலுள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூடச் சேர்வது அரிது. இரும்பு என்று பார்த்தால் முருங்கைக் கீரை இதைவிட மேல். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தாலே பெண்களுக்கு ரத்தசோகை என்று கொள்கிறோம், உங்களுடைய 9.6 என்பது நடுத்தர அளவிலான சோகை. இதைக் கீரையால் மட்டும் ஈடுகட்ட முயன்றால் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாறுவீர்கள். போக்கு அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கான காரணத்தை மகப்பேறு மருத்துவரிடம் காட்டிக் கண்டறிவதும், அவர் தரும் இரும்பு மாத்திரையைச் சொன்ன காலம்வரை விடாமல் சாப்பிடுவதும்தான் உங்களுக்கு முதல் வைத்தியம். பால், டீ, கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து அந்த மாத்திரையை விழுங்காதீர்கள். ஓட்டை வாளியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிறையாது, சகோதரி. முதலில் அந்த ஓட்டையைப் பாருங்கள்.

அப்படியானால் கடுகுக் கீரை எதற்கு என்று கேட்பீர்கள். என் கணக்கில் அது சுண்ணாம்புச் சத்துக்கான கீரை. 100 கிராமில் ஏறக்குறைய 115 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது என்பது பெரிய எண் அல்ல. அகத்தி இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் கீரையில் எவ்வளவு இருக்கிறது என்பதும் அதில் எவ்வளவு நம் எலும்புக்குப் போகிறது என்பதும் வேறு வேறு. பாலக், பசலை, முளைக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் என்னும் பொருள் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குடலிலிருந்து அப்படியே வெளியேறிவிடும். பாலக்கில் உள்ள கால்சியத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் உடலில் சேர்கிறது என்று கண்டிருக்கிறார்கள். கடுகு, முட்டைக்கோசு, முள்ளங்கி குடும்பத்துக் கீரைகளில் ஆக்சலேட் குறைவு. அதனால் கடுகுக் கீரையின் கால்சியத்தில் ஏறக்குறைய நாற்பது பங்கு சேர்கிறது. பாலில் சேர்வதே முப்பது சொச்சம்தான். உங்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராமும், மாதவிலக்கு நின்ற பிறகு 1,200 மில்லிகிராமும் கால்சியம் தேவைப்படும் என்பதால், 42 வயதில் இந்தக் கீரை உங்கள் கண்ணில் பட்டதை நல்லதாகவே நினைக்கிறேன். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பாலக்கை விட இது பாதுகாப்பானது என்பதும் இதே காரணத்தால்தான்.

இதோடு பச்சை இலையில் வைட்டமின் சி 70 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் வேகும்போது போய்விடும். கண்ணுக்கு வேண்டிய கரோட்டினும், மூன்று கிராம் நார்ச்சத்தும் உண்டு. கலோரியோ 30-ஐத் தொடாது. அரைக்கீரை, முளைக்கீரையை விட உசத்தியா என்ற உங்கள் கேள்விக்கு, உசத்தி தாழ்த்தி என்று அடுக்க நான் விரும்பவில்லை. அவற்றோடு சேர்ந்து வாரத்தில் இரண்டு நாள் இதற்கும் இடம் கொடுங்கள் என்றே சொல்வேன். தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் இந்தக் குடும்பத்துக் காய்கறிகளைக் கண்டு நடுங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். அயோடின் உப்புப் பயன்படுத்தி, கீரையை வேகவைத்து, அளவாகச் சாப்பிடும்வரை அவர்கள் பயப்பட வேண்டியதில்லை.

வாங்குவதைப் பற்றி. நம் அடுப்பங்கரையில் கடுகு தாளிப்போடு நின்றுவிட்டதால், அதன் இலையை நம் கீரைக்காரம்மாக்கள் பெரும்பாலும் கொண்டுவருவதில்லை. வடக்கே ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மார்கழி, தை மாதங்களில் இலை பறிக்கிறார்கள். குளிர்காலப் பயிர் அது. வட சென்னையில் இதைத் தேட வேண்டிய இடம் தங்கசாலைத் தெருவை ஒட்டிய சௌகார்பேட்டைச் சந்துகள்தான். கொத்தவால் சாவடியின் மொத்தக் காய்கறி வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும், அந்தப் பகுதியில் குடியிருக்கும் மார்வாடி, குஜராத்தி, பஞ்சாபிக் குடும்பங்களுக்காக வெந்தயக் கீரை, பச்சைப் பட்டாணி, சிவப்புக் கேரட்டோடு இதையும் குளிர்காலத்தில் வைத்திருக்கிறார்கள். "சர்சோ" என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். கடுகுக் கீரை என்றால் சில கடைக்காரர்கள் முழிப்பார்கள். சித்திரை, வைகாசியில் யாராவது விற்றால் நான் வாங்கமாட்டேன். வெயிலில் இந்தச் செடி அவசரமாகப் பூத்துவிடும். பூத்த செடியின் இலை முற்றிக் கசக்கும்.

கட்டை எடுத்ததும் முதலில் தலைப்பைப் பாருங்கள். மஞ்சள் மொட்டு விரல்நுனி அளவுக்குத் தெரிந்தால் பரவாயில்லை, அந்தப் பூந்தண்டைத் தோல் சீவிச் சமைத்தால் தனிச் சுவை. பூ விரிந்து காய் பிடித்திருந்தால் வேண்டாம். அடுத்து, கட்டைவிரலால் அடித்தண்டை வளைத்துப் பாருங்கள்: இளசாக இருந்தால் படக்கென்று உடையும், முத்தலாக இருந்தால் வளைந்து நார் உரியும். ஒருமுறை நான் இப்படி உடைத்துப் பார்த்தபோது கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். அவரே பிறகு அடியிலிருந்த வேறொரு கட்டை உருவி, "இத உடைங்க" என்று நீட்டினார். இலை சுரசுரப்பாக, ஓரம் ரம்பம் போல் வெட்டுப்பட்டு, நல்ல பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு இலையும், கட்டியிருக்கும் நாரின் அடியில் கறுத்து வழவழப்பான இடமும் இருந்தால் அது நேற்றைக்கு முந்தைய நாள் சரக்கு. இலையைத் திருப்பிப் பின்புறத்தைக் கட்டாயம் பாருங்கள். கடுகுக்கு அசுவினிப் பூச்சி பெரிய எதிரி. நரம்போரம் சாம்பல் பச்சையில் பொடிப்பொடியாக அப்பிக்கொண்டிருக்கும். ஒன்றிரண்டு இருந்தால் கழுவினால் போய்விடும், இலை சுருண்டு பிசுபிசுத்தால் வாங்காதீர்கள். இரண்டு கட்டு பெரிதாகத் தெரிந்தாலும் ஏமாற வேண்டாம்: ஆய்ந்து, வேகவைத்து இறக்கும்போது வீட்டில் மூன்று பேருக்கு ஆளுக்கு ஒரு குழிக்கரண்டிதான் வரும்.

கடுகுக் கீரை கிடைக்காத மாதங்களில் என்ன செய்வது என்று கேட்டால், முள்ளங்கியை வாங்கும்போது இலையை ஒடித்துக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள் என்பேன். அதுவும் இதே குடும்பம்தான், காசும் தனியாகக் கொடுக்க வேண்டாம்.

மணலியில் விதைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள் என்று சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். கடுகுச் செடிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. மண்ணில் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் இருந்தால், அவற்றை மற்றப் பயிர்களை விட அதிகமாக உறிஞ்சி, தண்டிலும் இலையிலும் சேர்த்துவைத்துக்கொள்ளும். 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் ஈயத்தால் கெட்டுப்போன நிலங்களைச் சுத்தம் செய்வதற்கென்றே இந்தியக் கடுகை விதைத்துப் பார்த்தார்கள். மண்ணிலிருந்த ஈயம் இலைக்கு ஏறியதும் செடியை வெட்டி அப்புறப்படுத்துவது அவர்கள் முறை. நிலத்தைச் சுத்தம் செய்யும் அதே குணம், அந்த இலையைச் சமைத்துத் தின்றால் நமக்கே வினையாகிவிடும். மணலியோ அரை நூற்றாண்டுக்கும் மேலாக எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும், உர ஆலையும், ரசாயன ஆலைகளும் நடந்துவரும் இடம். உங்கள் தம்பியின் மனை கெட்டுப்போயிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மண்ணைப் பரிசோதிக்காமல் அங்கே எந்தக் கீரையும், குறிப்பாகக் கடுகை, வளர்க்க வேண்டாம் என்கிறேன். எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் படியும் இடங்களுக்கும், பக்கிங்காம் கால்வாய் ஓரத்து நிலங்களுக்கும், லாரிகள் ஓயாமல் போகும் சாலையோரங்களுக்கும் இதே பேச்சுத்தான். பூச்சியையும் தூசியையும் தண்ணீர் கழுவிவிடும். இலைக்குள் ஏறிய ஈயத்தைக் கழுவியும் எடுக்க முடியாது, வேகவைத்தும் எடுக்க முடியாது; வளரும் பிள்ளையின் மூளைக்கு அது கேடு என்பதால் உங்கள் மகளை நினைத்துத்தான் இவ்வளவு சொல்கிறேன். கடையில் வாங்கும்போதும் எங்கிருந்து வந்த கீரை என்று கேட்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடைக்காரர்களும் சொல்லமாட்டார்கள். சொல்கிறவரிடம் தொடர்ந்து வாங்குங்கள்.

வளர்க்கும் ஆசை இருந்தால் மொட்டைமாடி போதும். நம்பகமான இடத்திலிருந்து வாங்கிய செம்மண், மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் கலந்து முக்கால் அடி ஆழமுள்ள வளர்ப்புப் பைகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை அடித்துக் கொட்டும் நாட்களில் நாற்று தாங்காது. கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்ததும் விதையுங்கள். முப்பது, நாற்பது நாளில், தைப்பொங்கலை ஒட்டி, வெளி இலைகளைப் பறிக்கலாம்; நடுக்குருத்தை விட்டுவைத்தால் மேலும் இரண்டு மூன்று முறை இலை விடும். அஞ்சறைப் பெட்டியில் உள்ள கடுகே பெரும்பாலும் முளைக்கும். விதைக்கடையில் இளஞ்சிவப்பு அல்லது பச்சைச் சாயம் பூசி விற்பது பூஞ்சண மருந்து கலந்தது. அதைத் தட்டில் முளைக்கவிட்டுத் தின்னவே கூடாது.

அந்தத் தட்டு யோசனை உங்கள் மகளுக்காக. பழைய பிளாஸ்டிக் தட்டில் ஒரு விரல் உயரம் நார்க்கழிவைப் பரப்பி, மேலே கடுகை நெருக்கமாகத் தூவி, நாளுக்கு இருமுறை தண்ணீர் தெளித்து, ஜன்னலோரம் வைத்தால் எட்டு முதல் பத்து நாளில் இரண்டு அங்குலத்துக்குத் தளதளவென்று நிற்கும். கத்தரியால் மேலாக வெட்டி, கழுவி, தயிர்ப் பச்சடியிலோ தோசை மேலோ தூவித் தரலாம். கீரைக் கூட்டைக் கண்டால் ஓடும் பிள்ளைகள் பலர், தாங்கள் வளர்த்து வெட்டியதைக் கேட்டு வாங்கித் தின்பதைப் பார்த்திருக்கிறேன். அளவு சிறியதுதான், ஆனால் அந்தக் காரம் நாக்குக்குப் பழகிவிடும்.

சமையலில் மூன்று தவறுகளை அதிகம் பார்க்கிறேன். நறுக்கிய பிறகு கழுவுவது முதலாவது. முழு இலையாகவே மூன்று தண்ணீர் அலசி, மணல் நின்ற பிறகு நறுக்குங்கள். இரண்டாவது, கசப்புப் போகட்டும் என்று நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டுவது. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும்தான் அப்படி வடிக்கச் சொல்கிறேன்; மற்றவர்களுக்குச் சத்தும் சேர்ந்தே கொட்டப்படுகிறது. மூன்றாவது, நிறம் மாறாதிருக்க ஆப்பச் சோடா போடுவது. எஞ்சிய வைட்டமின் சி-யும் அதில் அழியும்.

என் வீட்டு முறையைச் சொல்கிறேன். சட்டியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கி, நறுக்கிய கீரையைப் போட்டு, கால் தம்ளர் தண்ணீர் தெளித்துத் திறந்தபடியே வேகவிடுகிறேன். முதல் இரண்டு நிமிடம் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி எழும்பும். அது அடங்கி, இலை கரும்பச்சையாகச் சுருங்கும்போது, குழைய வேகவைத்த பாசிப்பருப்பைச் சேர்த்து மத்தால் நாலு கடை கடைந்து இறக்கிவிடுகிறேன். எண்ணெய் கொஞ்சம் இருந்தால்தான் கரோட்டின் உடலில் சேரும். இறக்கி, ஆவி அடங்கிய பின் அரை மூடி எலுமிச்சை பிழிவேன். வேகும்போது போன வைட்டமின் சி-க்கு அது ஈடு, இரும்பு உடலில் சேரவும் உதவும். வடக்கே கடுகுக் கீரையோடு பாலக்கையும் நம் சக்கரவர்த்திக் கீரையையும் கலப்பது கசப்பைத் தணிக்கத்தான். நமக்குப் பாசிப்பருப்பே அந்த வேலையைச் செய்துவிடும்.

நீங்கள் அசைவம் சாப்பிடுகிறவர் என்றால், காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலியை முள்ளோடு குழம்பு வைத்து, அதே இலையில் இந்தக் கீரையையும் வைத்துக்கொள்ளுங்கள். மீன் உடன் இருக்கும்போது கீரையிலுள்ள இரும்பு கூடுதலாகச் சேர்கிறது என்பது நன்கு தெரிந்த செய்தி. நெத்திலியின் முள் தனியாகக் கால்சியமும் தரும். சாப்பிட்டுக் கை கழுவியதும் கடைப்பையனை டீ வாங்கிவர அனுப்பும் பாரிமுனைப் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள். டீயின் துவர்ப்பு அந்த இரும்பைக் கட்டிவிடும்.

1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களில் கடுகுக் கீரையைப் புளிக்கவைத்து ஊறுகாய் போல் சாப்பிடும் பழக்கம் உண்டு. யாராவது கொடுத்தால் சுவைத்துப் பாருங்கள், அருமையாக இருக்கும். ஆனால் உப்பு அதிகம் என்பதால் இதய நோயாளியான மாமியாரின் தட்டுக்கு அது வேண்டாம்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமை வாங்கி வாரம் முழுவதும் வைப்பது. கீரையைக் கழுவாமல், பழுப்பு இலையை நீக்கி, உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி, ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதன்பின் இலை மஞ்சளிக்கத் தொடங்கும், வைட்டமின் சி-யும் நாளுக்கு நாள் குறையும். ஆகவே ஞாயிறன்று வாங்கியதை ஒரு பாதி அன்றைக்கும், மறுபாதி புதன்கிழமைக்குள்ளும் முடித்துவிடுங்கள். சமைத்த கீரையை அன்றே தீர்த்துவிடுவது நல்லது. மீந்துவிட்டால் இரவு முழுவதும் அடுப்பு மேடையில் கிடக்கவிடாமல், ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் காலை ஒரே முறை நன்றாகச் சூடாக்கி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளுங்கள். மாமியாரின் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு நீங்களும் உடன் போய், ஒரு மாதமாக அவர் எந்த நாளில் எந்தக் கீரை எவ்வளவு சாப்பிட்டார் என்று ஒரு சிறு நோட்டில் எழுதி எடுத்துச்செல்லுங்கள். கணக்கு எழுதுவது உங்கள் தொழில்தானே, அது உங்களுக்குச் சுமையாக இருக்காது.